சட்டமும் தமிழும் ஒருங்கு கற்பிக்கப்பெறல் வேண்டும்

தன் வழக்கு நடக்கும் மன்றத்தில், தன்னைப் பற்றி என்ன பேசப்படுகின்றது என்பதை அறியாமல் கைகட்டி நிற்கும் உழவனைப் போல் இரங்கத்தக்கவன் பிறிதொருவன் இலன். நிலம் அவனது, ஆவணம் அவனது, வழக்குரைஞர்க்குக் கொடுத்த பணமும் அவனது. அந் நிலத்தைப் பற்றிய உரை மட்டும் அவனுடைய மொழியில் இல்லை. வழக்கு முடிந்து வெளியே வந்தபின், வென்றானா தோற்றானா என்பதையே அவன் பிறரைக் கேட்டறிதல் வேண்டும். இரண்டாயிரம் ஆண்டுகட்கு மேற்பட்ட இலக்கியம் உடைய மொழியைப் பேசும் மக்களுக்கு, அவர்தம் தலைநகரில் உள்ள உயர் அறமன்றத்தில் இன்றும் வாய்த்துள்ள நிலை இஃது.

இதற்குக் கரணியம் யாது? தில்லி என்பர் தமிழ்ப்பற்றாளர். அவ்விடை பொய்யன்று, ஆயின் அது பாதி விடையே. மற்றைப் பாதியைப் பற்றிப் பேசுவார் மிகக் குறைவு. அந்த மறுபாதி, சட்டக் கல்வி எவ்வாறு அமைந்துள்ளது என்பதிலும், சட்டப் பட்டத்தோடு வேறொரு பட்டத்தையும் இணைத்துக் கற்பதற்குரிய நெறிமுறைகள் யாவை என்பதிலும் அடங்கிக் கிடக்கின்றது.

அடைபட்ட கதவு

முதற்கண் தில்லியின் பங்கைக் காண்போர் காண்க. இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் 348-ஆம் பிரிவு, நாடாளுமன்றம் வேறு வகை செய்யும்வரை உயர் அறமன்றங்களின் நடவடிக்கைகள் ஆங்கிலத்திலேயே இருத்தல் வேண்டும் என்கின்றது. ஆயினும் அதன் இரண்டாம் உட்பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்துள்ளது. குடியரசுத் தலைவரின் முன்இசைவு பெற்று, இந்தியையோ அம் மாநிலத்தின் ஆட்சிமொழியையோ உயர் அறமன்ற நடவடிக்கைகளில் வழங்க ஆளுநர் ஒப்புதல் அளிக்கலாம். 1963-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிகள் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, ஆங்கில மொழிபெயர்ப்போடு தீர்ப்பையும் அம்மொழியில் வழங்கலாம் என்று அக்கதவை இன்னும் அகலமாக்கிற்று.

அக்கதவின் வழியே 1950-இல் இராசத்தானும், 1969-இல் உத்தரப்பிரதேசமும், 1971-இல் மத்தியப்பிரதேசமும், 1972-இல் பீகாரும் உள்ளே சென்றன. நான்கும் இந்திக்கே. 2006-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டமன்றம், சென்னை உயர் அறமன்றத்தில் தமிழ் வேண்டும் என முடிவெடுத்து அனுப்பிற்று. நடுவணரசோ, 1965-ஆம் ஆண்டின் அமைச்சரவை முடிவொன்றன்படி, அவ் வேண்டுகையைத் தலைமை அறமன்றத்தின் கருத்துக்கு விடுத்தது. 2012-இல் தலைமை அறமன்றம் அதனை ஏற்க மறுத்தது. குசராத்து, மேற்கு வங்கம், சத்தீசுகர், கர்நாடகம் ஆகியன விடுத்த வேண்டுகைகளும் அவ்வாறே மறுக்கப்பட்டன. 2014-இல் தமிழ்நாட்டரசு மீண்டும் கேட்டது, மறுமொழி மாறவில்லை. முன்னே வந்த இந்திக்குத் திறந்த கதவு, பின்னே வந்த தமிழுக்கு அடைபட்டது. இதனை அறம் என்று எவர் சொல்வர்?

இஃதொரு பாதி. இனி மற்றைப் பாதி. கீழமை மன்றங்களில் தமிழுக்கு எவரும் தடை போடவில்லை. 1956-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டம் 1976-இல் திருத்தப்பெற்று, அம் மன்றங்களின் மொழியாகத் தமிழ் வைக்கப்பட்டது. குடியரசுத் தலைவரின் புதிய இசைவோ, தலைமை அறமன்றத்தின் கருத்தோ அங்கு வேண்டுவதில்லை. அவ்வாறிருந்தும் அரைநூற்றாண்டுக்குப் பின்னர், அம் மன்றங்களிலேயே ஆங்கிலத்தில் எழுதப்பெறும் முறையீடுகளும் தீர்ப்புகளும் எத்துணை! சட்டம் இசைந்து இருக்கை இட்ட இடத்திலும் தமிழ் முழுமையாக அமரவில்லையெனின், அதற்குத் தில்லி மட்டுமே கரணியமாதல் இயலாது. இருக்கை உண்டு, அமர்த்துவார் இலர் என்பதே உண்மை.

அமர்த்துவார் ஏன் இலர்? சட்டம் கற்றவர் தமிழை முறையாகக் கற்றிலர். தமிழை முறையாகக் கற்றவர் சட்டக் கல்லூரியின் வாயிலை மிதித்திலர். ஒருவர் கையில் பொருள் இருக்கின்றது. மற்றவர் கையில் சொல் இருக்கின்றது. இரண்டும் ஒரு தலைக்குள் கூடுவதற்கு வழி செய்யப்படவில்லை.

சொல் ஒன்று பிழைத்தால் நிலம் போகும்

சட்டத்தில் சொல் என்பது அணியன்று, கருவி. எடுத்துக்காட்டாக ஒன்றைக் காண்க. 'உடைமை' என்னும் சொல்லைப் பொதுமக்கள் தமக்கு உரிய பொருள் என்னும் பொருளில் வழங்குகின்றனர். சட்டத்திலோ, ஒரு பொருளைக் கையில் வைத்திருத்தல் வேறு. அப்பொருள் தனக்கே உரியதாயிருத்தல் வேறு. குடியிருப்போன் வீட்டைக் கையில் வைத்திருக்கின்றான். வீடு அவனுக்கு உரியதன்று. உரியவனோ வெளியூரில் இருக்கின்றான். வீடு அவன் கையில் இல்லை. இவ் விரண்டையும் ஒரே சொல்லால் எழுதிவிட்டால், பல்லாண்டு வழக்கு ஒரு வரியில் சாய்ந்துவிடும். சட்ட நூலார் முன்னதை 'உடைமை' என்றும், பின்னதை 'உரிமை' என்றும் பிரித்தெழுதுவர். அவ்வேறுபாட்டைக் கண்டு சொல் வகுப்பதற்குச் சட்ட அறிவும் வேண்டும். தமிழ் அறிவும் வேண்டும். ஒன்று மட்டும் உடையவர் அகராதியைப் புரட்டுவர். இரண்டும் உடையவர் வழக்கைக் காப்பர்.

நல்ல சொற்கள் பிறந்து வழக்கூன்றியமைக்கும் சான்று உண்டு. பிணை, தடையாணை, மேன்முறையீடு, ஆட்கொணர்வு என்பன இன்று செய்தித்தாள் படிப்போர் அனைவரும் அறிந்த சொற்கள். இவை பொருந்திய இடத்தில் எவரும் ஆங்கிலச் சொல்லைத் தேடி அலைவதில்லை. ஆகவே 'சட்டத்துக்குத் தமிழ் ஆகாது' என்பார் கூற்று வெறுங்கூற்றே.

இப் பணி இன்று முன்னினும் விரைந்து செய்யத்தக்கதாகியுள்ளது. 2024-ஆம் ஆண்டு சூலை 1 முதல், பழைய குற்றவியற் சட்டங்கள் மூன்றற்கும் மாற்றாகப் பாரதிய நியாய சங்கிதை, பாரதிய நாகரிக் சுரட்சா சங்கிதை, பாரதிய சாட்சிய அதினியம் என்னும் மூன்று சட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. சட்டத்தின் உள்ளீடு ஆங்கிலத்தில், பெயர்மட்டும் வடமொழியில். தமிழ்நாட்டுச் சிற்றூரின் காவல்நிலையத்தில் முறையிடச் செல்லும் ஒரு தாய், இனி இப்பெயர்களை நாக்குழற ஒப்பிக்க வேண்டுமாம்! பெயரை எதிர்த்து முழங்குதல் நன்று. ஆயின் அச்சட்டங்களின் ஒவ்வொரு பிரிவையும் பிழையற்ற தமிழில் எழுதித் தரவல்லார் இலரேல், முழக்கம் காற்றொடு போகும்.

இரண்டும் கற்ற பெருமக்கள்

சட்டமும் தமிழும் ஒருவரிடத்தே கூடாதனவோ எனின், தமிழர் வரலாறு அவ்வாறு கூறவில்லை. மாயூரத்தில் உரிமையியல் நடுவராய் இருந்த வேதநாயகம் பிள்ளை (1826–1889), மேல்மன்றத் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்து வெளியிட்டார். தமிழில் முதற் புதினத்தை எழுதியவராக அவரை அறிவார் பலர். சட்டத்தைத் தமிழில் தந்தவராக அறிவார் சிலரே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகிய சி.வை. தாமோதரம் பிள்ளை 1871-இல் சட்டப் பட்டமும் பெற்றார். புதுக்கோட்டையில் நடுவராகவும் இருந்தார். தொல்காப்பியமும் கலித்தொகையும் ஓலையினின்று அச்சேறியதில் அவர்தம் உழைப்புப் பெரிது. ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகட்கு முற்பட்ட தமிழகத்தைப் பற்றி 1904-இல் ஆங்கில நூல் வெளியிட்டு உலகறியச் செய்த வி. கனகசபையாரும் சட்டம் பயின்றவரே. நாவலர் சோமசுந்தர பாரதியார் தூத்துக்குடியில் வழக்குரைஞராய் இருந்தவர். பின்னர் 1933 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார். 1937-இல் எழுந்த இந்தி எதிர்ப்புப் போரில் முன்னின்றார்.

இவர்கள் எல்லாரினும் இக்கட்டுரைப் பொருளுக்கு நேர் சான்றாய் நிற்பவர் கா. சுப்பிரமணிய பிள்ளை (1888–1945). சட்டத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றமையால் 'எம்.எல். பிள்ளை' என்றே நாடு அவரை அழைத்தது. தமிழிலும் முதுகலை கற்றவர். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் தாகூர் சட்டச் சொற்பொழிவுகளைக் குற்றவியல் பற்றி ஆற்றும் பெருமை அவருக்கு வாய்த்தது. சென்னைச் சட்டக் கல்லூரியில் ஆசிரியராய் இருந்தவர், பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழாசிரியரானார். தமிழிலக்கிய வரலாறு எழுதினார். ஒரே மாந்தர் காலையிற் சட்டமும் மாலையில் தொல்காப்பியமும் கற்பிக்கும் ஆற்றல் உடையவராய் இருந்த காலம் அது.

இவர்கள் இரண்டையும் கற்றது தம் தனி முயற்சியால். ஒரு பட்டம் முடித்து, ஆண்டுகள் கழித்து மற்றதைத் தேடிச் சென்றனர். தனி முயற்சியால் ஓரிருவர் உருவாவர். ஒரு மாநிலத்தின் அறமன்றங்கட்கு ஓரிருவர் போதார். ஆயிரவர் வேண்டும். ஆயிரவரை உருவாக்குவது அமைப்பு ஒன்றே.

நெறிமுறை கூறுவது என்ன?

இந்தியாவில் சட்டப் பட்டத்துக்குரிய தகுதிகளை வகுப்பது 1961-ஆம் ஆண்டின் வழக்குரைஞர் சட்டத்தால் அமைந்த இந்திய வழக்குரைஞர் மன்றம். அம் மன்றம் 2008-இல் வகுத்த சட்டக்கல்வி நெறிமுறைகளே இன்றும் அடிப்படை. அவற்றின்படிச் சட்டப் பட்டத்துக்கு வழிகள் இரண்டு. ஒன்று, ஏதேனும் ஒரு பட்டம் பெற்றபின் மூன்றாண்டு கற்பது. மற்றொன்று, மேனிலைப் பள்ளிக் கல்வி முடித்தவுடன் ஐந்தாண்டு கற்று, இரு பட்டங்களை ஒருங்கே பெறுவது.

அந் நெறிமுறைகளின் 6-ஆம் நெறி, சட்டப் பட்டத்துக்குப் பயிலும் மாணவர் அதே நேரத்தில் வேறெந்தப் பட்டப் படிப்பிலும் முறைமாணவராய்ப் பதிதல் ஆகாது என்கின்றது. 2022-ஆம் ஆண்டு ஏப்பிரலில் பல்கலைக்கழக நல்கைக் குழு, வகுப்பு நேரம் மோதாவிடின் இரு பட்டப் படிப்புகளை ஒருங்கு கற்கலாம் என அறிவித்தபோது, சட்டமும் தமிழும் இனி ஒருங்கு கற்கலாம் என்று பலர் மகிழ்ந்தனர். அவ் வறிவிப்பிலேயே, அந்தந்தத் தொழில்மன்றங்களின் நெறிகட்கு உட்பட்டே இது செல்லும் என்றும் எழுதப்பட்டுள்ளது. ஆகலின் சட்டத்தைப் பொறுத்தவரை 6-ஆம் நெறியே ஆளும். இதனை அறியாமல் இரு கல்லூரிகளில் முறைமாணவராய்ப் பதிந்தோர்க்குப் பின்னர் இடர் நேரலாம்.

ஆயின் அந் நெறியிலேயே இரண்டு வாயில்கள் உள்ளன. தமிழ் மாணவரும் பெற்றோரும் கருத்திற் கொள்ளத்தக்கவை இவையே.

முதல் வாயில்: ஒரே நிறுவனம் நடத்தும் ஒருங்கிணைந்த இருபட்டப் படிப்புக்குத் தடையில்லை. அப்படிப்பு யாதென நெறிமுறைகள் வரையறுக்கும்போது, எந்த அறிவுத்துறையின் இளநிலைப் பட்டத்தையும் சட்டத்தோடு இணைத்து ஐந்தாண்டுக்குக் குறையாமல் கற்பிப்பது என்றே கூறுகின்றன. 'எந்த அறிவுத்துறையும்' என்னும் சொற்களை ஊன்றி நோக்குக. தமிழ் ஓர் அறிவுத்துறை அன்றோ?

இரண்டாம் வாயில்: பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி நடுவம் நடத்தும் எப்படிப்பும், மொழி பற்றிய குறுங்காலச் சான்றிதழ்ப் படிப்பும் 6-ஆம் நெறியின் தடைக்கு விலக்காகும். ஒரு பட்டம் முடித்து மூன்றாண்டுச் சட்டம் பயிலும் மாணவர், தொலைநிலைக் கல்வியில் தமிழ் முதுகலையும் உடன் கற்க இவ்விலக்கு இடந்தருகின்றது. சேர்வதற்கு முன், இரு பல்கலைக்கழகங்களிடமும் எழுத்துவடிவில் ஒப்புதல் பெற்றுக்கொள்ளல் அறிவுடைமை.

முதல் வாயிலின் வழியே எவர் எவர் நுழைந்துள்ளனர் என்று காண்க. 1988-இல் பெங்களூரில் தொடங்கிய சட்டப் பள்ளியின் ஐந்தாண்டுப் படிப்பு நாடெங்கும் பரவிற்று. தமிழ்நாட்டில் 1997-இல் தோன்றிய அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில், கலையோடு சட்டம் உண்டு; வணிகவியலோடு சட்டம் உண்டு; வணிக ஆளுமையோடு சட்டம் உண்டு; கணினிப் பயன்பாட்டோடும் சட்டம் உண்டு. கணக்கும் கணினியும் சட்டத்தோடு தோள்சேர்ந்து நிற்க, தமிழ்நாட்டுச் சட்டப் பல்கலைக்கழகத்தின் அவ் வரிசையில் 'தமிழும் சட்டமும்' என்று ஒரு பட்டம் இல்லை. கணினி தெரிந்த வழக்குரைஞர் வேண்டும் என்று உணர்ந்தவர்க்கு, கட்சிக்காரனின் மொழி தெரிந்த வழக்குரைஞர் வேண்டும் என்று தோன்றாமற் போனதே! இங்கே கதவை அடைத்தவர் தில்லியார் அல்லர். கதவு திறந்தே கிடக்கின்றது, தமிழர்தாம் நுழையவில்லை.

பிறர் செய்தது

இத்தகைய இணைப்பு உலகில் புதுமையன்று. அமெரிக்காவில் சட்டப் படிப்பு, முதற்பட்டம் பெற்றபின்னரே தொடங்கும் மூன்றாண்டுப் படிப்பு. அதனோடு வணிக ஆளுமை, பொருளியல், மெய்ப்பொருளியல் முதலிய மேற்பட்டங்களுள் ஒன்றை இணைத்துக் கற்கும் முறை அங்குப் பரவியுள்ளது. மாணவர் இரு கல்விப் பிரிவுகளிலும் தனித்தனியே தேறிச் சேர்தல் வேண்டும். முதலாண்டு பெரும்பாலும் சட்டத்துக்கே உரியது. ஒரு பிரிவில் கற்ற பாடங்களுட் சில மற்றதன் கணக்கிலும் சேரும். அங்குள்ள வழக்குரைஞர் அமைப்பு சட்டப் பட்டத்துக்கு 83 பாட அலகுகள் கேட்கின்றது. அவற்றுள் 64 சட்ட வகுப்பிலேயே கற்கப்பெறல் வேண்டும். எஞ்சியவற்றில் மற்றைத் துறையின் பாடங்கள் இடம்பெறலாம். அதனால்தான் தனித்தனியே ஐந்தாண்டு ஆகும் சட்டமும் வணிக ஆளுமையும் நான்காண்டில் முடிகின்றன. 84 திங்களுக்குள் சட்டப் படிப்பு முடிதல் வேண்டும் என்னும் வரம்பும் உண்டு. இரண்டையும் சேர்த்தால் தரம் தாழும் என்பார்க்கு இவ்வேற்பாடே விடை: தரத்துக்குரிய அடித்தளத்தைத் தொடாமல், மிகையை மட்டும் பங்கிடுகின்றனர்.

மொழிக்கென்றே இவ்விணைப்பைச் செய்தவர் வேல்சு மக்கள். 1536-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்தம் மன்றங்களில் ஆங்கிலத்தையே அமர்த்திற்று. 1942-இல், ஆங்கிலம் அறியாமையால் இடர்ப்படுவோர் மட்டும் தாய்மொழியிற் பேசலாம் என்றனர். 1967-இல் விரும்புவோர் எவரும் பேசலாம் என்றனர். நானூறு ஆண்டு விடாப்பிடியின் விளைவு அது. இன்று கார்டிபுப் பல்கலைக்கழகத்தில் சட்டத்தையும் வேல்சு மொழியையும் இணைத்தே ஒரு பட்டம் வழங்கப்பெறுகின்றது. வேல்சு நாட்டில் அம்மொழி பேசுவோர் 2021-ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஐந்தரை இலக்கத்தை எட்டாதவர். தமிழ் பேசுவோரோ, 2011-ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ ஏழு கோடியர். ஐந்தரை இலக்கம் பேர்க்கு இயல்வது ஏழு கோடிப் பேர்க்கு இயலாதா?

கனடா நாட்டின் புதிய பிரன்சுவிக்கு மாநிலத்துப் பிரெஞ்சு மக்கள் செய்தது இதனினும் பெரிது. ஆங்கிலேயரின் பொதுச்சட்டத்துக்குப் பிரெஞ்சில் உரிய சொற்களே இல்லை என்று சொல்லப்பட்ட காலத்தில், 1978-இல் மாங்டன் பல்கலைக்கழகத்தில் அப் பொதுச்சட்டத்தைப் பிரெஞ்சிலேயே கற்பிக்கும் சட்டப் பள்ளியைத் தோற்றுவித்தனர். சட்ட மொழிபெயர்ப்புக்கும் கலைச்சொல்லாக்கத்துக்கும் உடன் ஒரு நடுவம் அமைத்தனர். சொல் பிறந்தபின் கற்பிப்போம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. கற்பித்தனர், சொல் பிறந்தது. தமிழ்நாட்டிலும் வழக்கிலிருப்பது ஆங்கிலேயர் விட்டுச்சென்ற பொதுச்சட்ட மரபே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

செய்யத்தக்கது

தமிழ்–சட்ட ஒருங்கிணைந்த ஐந்தாண்டுப் பட்டம் ஒன்றைத் தமிழ்நாட்டின் சட்டப் பல்கலைக்கழகம் தொடங்குதல் வேண்டும். வழக்குரைஞர் மன்றம் கேட்கும் இருபது கட்டாயச் சட்டப் பாடங்களும், நான்கு செயல்முறைப் பாடங்களும், ஆறு விருப்பப் பாடங்களும் ஒன்றும் குறையாமல் இருக்கட்டும். அவற்றோடு இணையும் கலைப்பட்டம் தமிழாக இருக்கட்டும். செயல்முறைப் பாடங்கள் நான்கனுள் ஒன்று முறையீடும் ஆவணமும் வரைதல் பற்றியது. மற்றொன்று மாதிரி மன்றப் பயிற்சி. இவ்விரண்டையும் தமிழில் நடத்துதல் முதற்படி. நெறிமுறைகள் ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாகக் கூறினும், பிற மொழியில் நடத்துதலை அறவே தடுக்கவில்லை. அவ்வாறு நடத்துமிடத்து ஆங்கிலம் ஒரு பாடமாதல் வேண்டும் என்றே கேட்கின்றன. 2025-ஆம் ஆண்டு ஆகத்தில், வழக்குரைஞர் மன்றம் புதிய சட்டக் கல்லூரிகட்கு மூன்றாண்டுத் தடை விதித்தது. இருக்கும் கல்லூரிகளிற் புதிய படிப்புத் தொடங்கவும் முன்இசைவு வேண்டும் என்றது. ஆகவே அவ்விசைவுக்குரிய பாடத்திட்டத்தை இப்போதே வரைதல் அரசின் கடமை.

தமிழ்ப் பாடங்கள் எவையாதல் வேண்டும்? அரசியல் மேடைக்குரிய சொல்லடுக்கு அன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரம் வேண்டும். ஏனெனில், சொல்லும் தொடரும் பொருள்கொள்ளும் முறையே சட்டப் பொருள்கோளின் உயிர். கல்வெட்டும் ஓலை ஆவணமும் வேண்டும். காஞ்சிக்கு அணித்தான உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தே, 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் கல்லிற் பொறித்த குடவோலை நெறிகளைக் காண்க. வாரியத்துக்கு நிற்போர் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையராதல், தம் மனையில் வீடு கட்டியிருத்தல், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் அகவை உடையராதல் என்று தகுதிகள் அடுக்கப்படுகின்றன. கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் ஆகார் என்று தகுதியின்மைகளும் அடுக்கப்படுகின்றன. அவ்வூர் பார்ப்பனர்க்கு விடப்பட்ட ஊர். கல்வெட்டில் வடசொற் கலப்பு மிகுதி. மறைபயின்றோர்க்கே இடம் என்னும் குறையும் உண்டு. அவற்றை மறைப்பது ஆராய்ச்சியன்று. ஆயினும் தகுதி, தகுதியின்மை, விலக்கு என வரைந்து செல்லும் சட்ட நடை தமிழில் ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்பே நிலவியது என்பதற்கு அக்கல்லே சான்று.

மறுப்புரைகள்

'தமிழிற் சட்டம் கற்றவர்க்குச் சோறு கிடைக்குமா?' என்று ஏழைப் பெற்றோர் கேட்பர். அக்கேள்வியை எள்ளி நகையாடுதல் கொடுமை. விடை கூறுதல் கடமை. தமிழ்நாட்டு வழக்குகளில் மிகப் பெரும்பான்மை தொடங்குவது கீழமை மன்றங்களில். அவற்றின் சட்டமொழி தமிழ். ஆவணப் பதிவு தமிழில். காவல்நிலைய வாக்குமூலம் தமிழில். சட்டமன்றத்திற் கொணரப்படும் சட்ட வரைவுகட்கும் தமிழ் வேண்டும். தலைமை அறமன்றத் தீர்ப்புகளை மாநில மொழிகளில் வெளியிடும் பணி 2019-இல் தொடங்கிற்று. கணினி முதற்படியைப் பெயர்த்தாலும், அதனைத் திருத்துதற்குச் சட்டமும் மொழியும் அறிந்த கண் வேண்டும். வேலை இருக்கின்றது, வேலைக்குரிய ஆள்தான் இல்லை.

'ஆங்கிலம் மங்கிவிடுமே' என்பர் வேறு சிலர். எம்.எல். பிள்ளையின் ஆங்கிலம் தமிழால் மங்கிற்றா? கல்கத்தாவுக்கு அழைக்கப்பட்ட அறிஞர் அவர். ஆங்கிலம் கற்க, பிற நாட்டுச் சட்டங்களையும் கற்க. கற்ற பொருளைத் தாய்மொழியிற் பிறர்க்கு உரைக்கவியலாமையே இழிவு.

'உயர் அறமன்றத்திற்குத் தமிழ் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்' என்பர் இன்னுஞ் சிலர். இவ்வுரையே எல்லாவற்றினும் தீங்கு பயப்பது. அடுத்த முறை தில்லி கதவைத் திறந்து, 'வருக. உங்கள் தமிழ் வழக்குரைஞர் எங்கே? தமிழ்த் தீர்ப்பு நூல்கள் எங்கே?' என்று கேட்குமாயின், வெறுங்கையோடு நிற்கும் இழிவு தமிழர்க்கு நேரும். உரிமையைக் கேட்கும் குரலும், உரிமையை ஆளும் ஆற்றலும் ஒருங்கே வளர்தல் வேண்டும். குரல் மட்டும் வளர்ந்த இனம் ஏமாறும்; ஆற்றல் மட்டும் வளர்ந்த இனம் பிறர்க்கு ஏவல் செய்யும்.

தமிழ்ப்பற்றாளர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் செய்யத்தக்கவை சில உள. சட்டம் பயிலும் ஓர் இளைஞனைத் தமிழ் முதுகலையில் தொலைநிலை வழியே சேர்ப்பிக்க. கட்டணத்துக்குத் துணை நிற்க. தமிழ் பயிலும் ஓர் இளம்பெண்ணை மூன்றாண்டுச் சட்டத்துக்கு ஆற்றுப்படுத்துக. சட்டமன்ற உறுப்பினரைக் காணுங்கால், 'தமிழும் சட்டமும் இணைந்த பட்டம் எப்போது?' என்று ஒரே வினாவை ஓயாது வினவுக. ஊர்க் கீழமை மன்றத்தில் தமிழில் முறையீடு எழுதும் வழக்குரைஞரையே தேடி வழக்கை ஒப்படைக்க.

மேடைகளில் தமிழ் வாழ்க என்று முழங்கிய தலைமுறைகள் பல. அறமன்றத்திற் கைகட்டி நிற்கும் அந்த உழவனுக்கு அம் முழக்கம் இன்னும் போய்ச் சேரவில்லை. அவன் வழக்கை அவன் மொழியில் எடுத்துரைக்கும் ஒரு வழக்குரைஞர், அவன் மொழியிலேயே தீர்ப்பெழுதும் ஒரு நடுவர் எழும் நாளே அவனுக்குத் தமிழ் வாழும் நாள். அவ்விருவரும் இன்று ஏதோ ஒரு பள்ளியின் மேனிலை வகுப்பில் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் நுழைவதற்கு ஒரு கல்லூரி வாயிலைத் திறந்து வைப்பது தமிழ்நாட்டின் கையிலேயே இருக்கின்றது.